ஆபெல் பரிசு வாங்கியவர்கள் அப்படி என்னதான் செய்தார்கள்?

உயர்தரம் முதலாம் வருடம் படிக்கும் தம்பி ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார்: "சேர், கணிதத்துக்கு நோபல் பரிசு இல்லை, அதுக்குப் பதிலா ஆபெல் பரிசு என்று ஒன்று இருக்காம். அதை வாங்கினவை ஆர், அப்படி என்னத்தைச் செய்தவை? தேடிப் பார்த்தால் ஒரு வசனமும் விளங்கேல்லை. இணைந்த கணிதம் படிக்கிற எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுவீங்களோ?"

சொல்லலாம் தம்பி. ஆனால் எல்லாரையும் சொல்ல முடியாது. 2003 தொடக்கம் 2025 வரை 28 பேர் வாங்கியிருக்கிறார்கள். அவர்களில் சிலருடைய வேலையை விளங்கப்படுத்தவே பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் இருக்க வேண்டும். எனக்கு நெருக்கமாகத் தெரிந்த ஆட்களை, வகுப்பில் நான் சொல்லிப் பார்த்து விளங்கின விதத்திலேயே சொல்கிறேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக இங்கே யாழ்ப்பாணத்தில் இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன், அந்தப் பழக்கத்தில் எழுதுவதால் இடைக்கிடை கரும்பலகை வந்துவிடும்.

முதலில் ஒரு கட்டுக்கதையை ஒதுக்கிவிடுவோம். நோபலின் மனைவி ஒரு கணித அறிஞரோடு தொடர்பு வைத்திருந்தார், அந்தக் கோபத்தில்தான் அவர் கணிதத்துக்குப் பரிசு வைக்கவில்லை என்று நான் படிக்கிற காலத்திலேயே கதை உலாவியது, நாங்களும் நம்பினோம். நோபல் கலியாணமே கட்டவில்லை. 1895இல் அவர் எழுதிய உயிலில் கணிதம் இல்லை, அவ்வளவுதான். அதைக் கேள்விப்பட்ட நோர்வேக் கணித அறிஞர் சோஃபுஸ் லீ, ஆபெல் பிறந்து நூறு வருடமாகும் 1902ஐ ஒட்டி ஆபெல் பெயரில் ஒரு பரிசைத் தொடங்கிவிட வேண்டும் என்று ஓடித் திரிந்தார், ஆனால் 1899இல் அவரே இறந்துவிட்டார். 1905இல் நோர்வேயும் சுவீடனும் பிரிந்ததோடு பேச்சும் அடங்கிப் போனது. பிறகு 2001இல்தான் நோர்வே அரசு அதைக் கையில் எடுத்தது. முதல் பரிசு 2003இல். இப்போது பரிசுத் தொகை 75 இலட்சம் நோர்வே குரோனர், ஒஸ்லோவில் அரச குடும்பத்தவர் கையால் கொடுப்பார்கள்.

நோர்வே எங்களுக்கு அப்படித் தூரமான நாடும் இல்லையே. எங்கள் ஒழுங்கையிலேயே மூன்று வீட்டுப் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். ஒஸ்லோவில் அரச மாளிகைப் பூங்காவில் ஆபெலுக்கு ஒரு பெரிய சிலை இருக்கிறது, விகெலாண்ட் என்ற சிற்பி செய்தது, அந்த வழியால் தினம் வேலைக்குப் போகிற தமிழர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள்.

ஃபீல்ட்ஸ் பதக்கம் என்று இன்னொன்று உண்டு, அதையும் இதையும் குழப்பக்கூடாது. அது 1936இல் தொடங்கியது, நாலு வருடத்துக்கு ஒருமுறை கொடுப்பது, நாற்பது வயதைத் தாண்டினவர்களுக்குக் கிடையாது. ஆபெல் பரிசு ஒவ்வொரு வருடமும், வயதெல்லை இல்லாமல், ஒருவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலையைப் பார்த்துக் கொடுப்பது. எனக்கு இந்தப் பட்டியலில்தான் பிடிப்புக் கூட. ஒரு கேள்வியோடு பத்து வருடம், இருபது வருடம் கிடந்தவர்களை இதில்தான் காணலாம். எங்கள் பிள்ளைகளுக்குக் கணிதம் என்றால் மூன்று மணித்தியாலம், பகுதி ஆ-வில் ஐந்து கேள்வி, கையில் மணிக்கூடு. அதில் கெட்டிக்காரராக இருப்பது ஒரு திறமை, நான் அதைத்தான் படிப்பித்துச் சாப்பிடுகிறேன். ஆனால் பெரிய கணிதம் நடக்கிற வேகம் வேறு. கீழே சொல்லப்போகிற ஆட்களைப் பார்த்தால் தெரியும்.

பரிசின் பெயருக்குரிய ஆபெலில் இருந்தே தொடங்குவோம். நீல்ஸ் ஹென்றிக் ஆபெல், 1802இல் பிறந்தவர், பாதிரியாரின் மகன். பதினெட்டு வயதில் தகப்பன் இறக்க, குடும்பம் வறுமையில் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் ஹோல்ம்போ என்ற இளம் கணித ஆசிரியர்தான் இவரை இனம் கண்டு, பெரிய ஆட்களின் புத்தகங்களைக் கொடுத்து, பல்கலைக்கழகத்துக்குப் போகவும் காசு சேர்த்துக் கொடுத்தவர்.

இருபடிச் சமன்பாட்டுக்கு உங்களுக்குச் சூத்திரம் தெரியும். முப்படிக்கும் நாற்படிக்கும் அப்படிச் சூத்திரங்கள் உண்டு, 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியர்கள் கண்டுபிடித்தார்கள், கார்டானோவின் புத்தகத்தில் 1545இல் அச்சிலும் வந்துவிட்டது. ஐம்படிக்கு? முந்நூறு வருடமாகத் தேடியும் கிடைக்கவில்லை. பள்ளி மாணவனாக இருந்தபோது ஆபெல் தனக்குக் கிடைத்துவிட்டது என்று நினைத்தார். நோர்வேயில் அதைத் திருத்தத் தெரிந்த ஆள் இல்லாததால் டென்மார்க்கில் இருந்த தேகன் என்ற பேராசிரியருக்கு அனுப்பினார்கள். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: ஓர் எண் உதாரணம் போட்டுக் காட்டு. போட்டுப் பார்க்கையில்தான் பிழை ஆபெலின் கண்ணிலேயே பட்டது. (வகுப்பில் நான் "விடையைப் பிரதியிட்டுப் பார்" என்று தொண்டை கிழியக் கத்துவது இதற்காகத்தான்.) பிழை தெரிந்ததும் அவர் கேள்வியையே திருப்பிப் போட்டார். சூத்திரம் எங்கே என்று தேடுவதை விட்டு, அப்படி ஒரு சூத்திரம் இருக்கவே முடியாதோ என்று பார்த்தார். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், மூலம் எடுத்தல் இவ்வளவையும் வைத்து எல்லா ஐம்படிச் சமன்பாட்டையும் தீர்க்கிற பொதுச் சூத்திரம் இல்லவே இல்லை என்று 1824இல் நிறுவினார். அச்சுக் கூலி தன் கையால்தான் என்பதால் முழு நிறுவலையும் ஆறு பக்கத்துக்குள் சுருக்கினார், அதனாலேயே வாசித்தவர்களுக்கு விளங்கவில்லை. ஜேர்மனியின் பெரிய கணித அறிஞர் கௌசுக்கு அனுப்பிய பிரதி வாசிக்கப்படாமலே கிடந்தது. நம்மூரில் அப்போது வட்டுக்கோட்டை செமினரி தொடங்கி ஒரு வருடம், அங்கே பெடியன்கள் கணிதமும் வானசாஸ்திரமும் படிக்கத் தொடங்கியிருந்தார்கள். காலத்தை அப்படி நினைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

1826இல் பாரிஸில் ஒரு பெரிய கட்டுரையைக் கொடுத்தார், அதைப் பார்க்க வேண்டிய பிரெஞ்சுக் கணித அறிஞர் கோஷி அதை எங்கோ வைத்துவிட்டார், அச்சில் வர 1841 ஆனது. அதற்கிடையில் காசநோய். 1829 ஏப்ரல் 6ஆம் திகதி, 26 வயதில், நிரந்தர வேலை ஒன்றுகூடக் கிடைக்காமல் இறந்தார். அவருக்குப் பெர்லினில் வேலை உறுதியாகிவிட்டது என்று நண்பர் கிரெல்ல கடிதம் எழுதியது ஏப்ரல் 8. இந்த இரண்டு நாளை நான் எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன் தெரியாது, ஒவ்வொரு முறையும் வகுப்பு அடங்கிப் போகும்.

சரி, பரிசு வாங்கினவர்களுக்கு வருவோம். எங்கள் ஆளிடமிருந்து தொடங்கலாமே. 2007இல் வாங்கியவர் எஸ். ஆர். சீனிவாச வரதன், 1940இல் சென்னையில் பிறந்த தமிழர். தகப்பன் ஆசிரியர். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவர் சனி ஞாயிறில் சில பிள்ளைகளைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டுப் புதிர்க் கணக்குகள் கொடுப்பாராம், கணிதத்தை விளையாட்டுப் போல ரசிக்கலாம் என்று தெரிந்தது அங்கேதான் என்று வரதனே ஒரு நேர்காணலில் சொல்லியிருக்கிறார். மாநிலக் கல்லூரியில் படித்து, கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சி. ஆர். ராவிடம் ஆய்வு செய்து, 1963இல் நியூயோர்க் போனவர், பிறகு அங்கே கூரன்ட் நிறுவனத்திலேயே இருந்துவிட்டார்.

அவர் செய்தது நிகழ்தகவில், 'பெரும் விலகல்கள்' என்ற கோட்பாடு. ஒரு நாணயத்தைச் சுண்டுவோம். பத்துத் தரம் சுண்டினால் எட்டோ அதற்கு மேலோ தலை விழுகிற நிகழ்தகவு 56/1024, நூறுக்கு ஐந்தரை அளவு. நடக்கக்கூடியதுதான். அதே எண்பது வீதத்தை இருபது சுண்டலில் பார்த்தால், அதாவது பதினாறோ மேலோ தலை, நூறுக்கு 0.6 அளவுக்கு இறங்கிவிடும். நூறு சுண்டலில் எண்பது தலை? நூறு கோடியில் ஒன்றைவிடவும் குறைவு. சராசரி அரைக்கு வந்து சேரும் என்பது உங்கள் பாடப்புத்தகத்திலும் இருக்கும். சேராமல் விலகி நிற்பது எவ்வளவு அரிது, அந்த அரிது எந்த வேகத்தில் பூச்சியத்தை நோக்கி விழுகிறது என்பதுதான் இங்கே கேள்வி. நாணயத்துக்குக் கணக்குப் போடலாம், காப்புறுதிக் கம்பனிகளுக்காக 1930களில் ஒரு சுவீடன்காரர், கிராமர் என்பவர், சில வகைகளுக்குப் போட்டும் காட்டினார். வரதன் 1966இல் இருந்து செய்தது, நாணயமோ, காற்றில் அலையும் தூசியோ, நேரத்தோடு மாறிக்கொண்டே போகிற எந்தச் சிக்கலான தற்செயல் முறைமையோ, எல்லாவற்றுக்கும் ஒரே சட்டத்துக்குள் விடை சொல்லும் வழி. ஒவ்வொரு அரிய நிகழ்வுக்கும் ஒரு 'விலை' உண்டு, இயற்கை அந்த நிகழ்வை மிகக் குறைந்த விலை உள்ள பாதையால்தான் நடத்தும், அந்தப் பாதையைக் கண்டுபிடித்தால் நிகழ்தகவும் கையில் வந்துவிடும். பரீட்சைக்கு இது வராது. ஆனால் வெள்ளம், பங்குச் சந்தைச் சரிவு, தொலைபேசி வலையமைப்பு நெரிசல் என்று எப்போதோ ஒருக்கால் வந்து ஆளை முடிக்கிற எதைப் பற்றியும் யோசிப்பவர்கள் இதைத் தொடாமல் போக முடியாது.

அடுத்தவர் என் வகுப்பின் செல்லப் பிள்ளை: ஹங்கேரிக்காரர் எண்ட்ரே செமெரேதி, 2012இல் வாங்கியவர். இவருடைய தொடக்கம் யாழ்ப்பாணத்துக்கு நன்றாகப் பொருந்தும். மருத்துவம் படிக்கப் போனார். கொஞ்ச மாதத்தில் விட்டார். பிறகு ஒரு தொழிற்சாலையில் வேலை. அதற்குப் பிறகுதான் கணிதத்துக்கே வந்தார். உயிரியல் பிரிவில் மூன்றாம் தரமும் எழுதிவிட்டு, மனம் முழுக்கக் கணக்கில் இருக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களுடைய அம்மாக்களுக்கு நான் இவருடைய கதையைத்தான் சொல்வேன்.

அவருடைய தேற்றத்தைத் தொட ஒரு சின்ன விளையாட்டுப் போதும். வகுப்பில் சிவப்பு, நீலம் என்று இரண்டு வெண்கட்டி வைத்திருப்பேன். 1 தொடக்கம் 8 வரை எண்களைப் பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் சிவப்போ நீலமோ பூசச் சொல்வேன். ஒரு நிபந்தனை: ஒரே நிறத்தில் மூன்று எண்கள் கூட்டல் விருத்தியாக வரக்கூடாது, 2, 5, 8 மாதிரியோ 3, 4, 5 மாதிரியோ. கொஞ்சம் மாறி மாறிப் பூசினால் வழி கிடைத்துவிடும்: 1, 2, 5, 6 சிவப்பு, 3, 4, 7, 8 நீலம். நீங்களே சரிபாருங்கள். பிறகு 9ஐச் சேர்த்து எழுதுவேன். போன வருடம் ஒரு பெடியன் ரியூசன் முடிந்து எல்லாரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போன பிறகும் பலகையை விட்டு நகரவில்லை, அழிக்கிறார், பூசுகிறார், சட்டைக் கையெல்லாம் சிவப்பு. 9க்கு முடியவே முடியாது. எப்படிப் பூசினாலும் ஒரு நிறத்தில் விருத்தி வந்து விழும்.

நிறத்தை விட்டுவிட்டு, முடிவில்லாத எண்களில் இருந்து ஒரு கூட்டத்தை மட்டும் நீங்கள் அள்ளுகிறீர்கள் என்று வையுங்கள், நூறுக்கு ஒன்று என்ற வீதத்திலாவது, எவ்வளவு தூரம் போனாலும் அந்த வீதம் குறையாமல். எப்படிக் கள்ளத்தனமாக அள்ளினாலும் அதற்குள் கூட்டல் விருத்தி இருக்கும், மூன்று உறுப்பு, பத்து உறுப்பு, இலட்சம் உறுப்பு, எத்தனை கேட்டாலும் இருக்கும். ஏர்தீஷும் தூரானும் 1936இல் இப்படி இருக்குமென்று ஊகித்தார்கள். மூன்று உறுப்புக்கு ரொத் 1953இல் நிறுவினார். நாலு உறுப்புக்குச் செமெரேதி 1969இல். எல்லாவற்றுக்குமாக 1975இல். மூன்றில் இருந்து நாலுக்கு வர பதினாறு வருடம் என்பதைக் கவனியுங்கள்.

இதோடு கதை நிற்கவில்லை. 1977இல் ஹில்லல் ஃபுர்ஸ்டன்பெர்க் அதே தேற்றத்துக்குச் சம்பந்தமே இல்லாத இடத்திலிருந்து, ஒரு தொகுதி நேரத்தோடு அசைந்து அசைந்து பழைய இடத்துக்குத் திரும்பி வருவதைப் படிக்கிற எர்கோடிக் கோட்பாட்டில் இருந்து, இன்னொரு நிறுவல் கொடுத்தார். எண்களைப் பற்றிய கேள்விக்கு அசைவைப் பற்றிய விடை! அவருக்கு 2020இல் ஆபெல் பரிசு. பிறகு 2004இல் பென் கிறீனும் ரெரன்ஸ் ராவோவும் செமெரேதியின் தேற்றத்தைத் தூக்கிக்கொண்டு முதன்மை எண்களுக்குள் போனார்கள். முதன்மை எண்கள் போகப் போக ஐதாகும், ஆகவே நேரே அந்தத் தேற்றம் பிடிக்காது. ஆனாலும் அங்கேயும் எவ்வளவு நீளமான விருத்தியும் உண்டு என்று காட்டினார்கள். 5, 11, 17, 23, 29 உங்களுக்குத் தெரிந்ததுதான். 199இல் தொடங்கி 210, 210 ஆகக் கூட்டிப் பாருங்கள், 2089 வரை பத்து எண்ணும் முதன்மை எண். ராவோவுக்கு 2006இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்ததில் இதற்கும் பங்கு உண்டு.

ஃபுர்ஸ்டன்பெர்க் 1935இல் பெர்லினில் பிறந்த யூதர், நாசிகளுக்குத் தப்பிக் குடும்பத்தோடு ஓடியவர். 2020இல் அவரோடு பரிசைப் பங்கிட்டவர் கிறிகோரி மார்குலிஸ். அவருக்கு 1978இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் அறிவித்தபோது சோவியத் அரசு நாட்டை விட்டு வெளியே போக விடவில்லை. பதக்கம் கொடுக்கிற ஹெல்சிங்கி மண்டபத்தில் அவர் இல்லாமலே அவருடைய வேலையைப் பற்றி ஜாக் ரிற்ஸ் எழுந்து பேசினார், அவர் வரமுடியாமல் போனது தனக்கு எவ்வளவு கவலை என்பதையும் சேர்த்தே சொன்னார். அந்த ரிற்ஸுக்கு 2008இல் ஆபெல் பரிசு, மார்குலிசுக்குப் பன்னிரண்டு வருடம் கழித்து. பாஸ் எடுக்காமல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போக முடியாத காலத்தில் வளர்ந்தவனுக்கு, எழுந்து நின்று அந்த ஒரு வசனத்தைச் சொன்ன மனிதர் மறக்காது.

அன்ட்ரூ வைல்ஸ் பற்றி நீங்கள் ஏற்கெனவே கேள்விப்பட்டிருப்பீர்கள், 2016இல் வாங்கியவர். பத்து வயதில் கேம்பிரிட்ஜில் தன் வீட்டுக்குப் பக்கத்து நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்தார், அதில் ஃபெர்மாவின் கடைசித் தேற்றம் இருந்தது. மூன்று வர்க்கங்களுக்கு 3, 4, 5 மாதிரி ஆயிரம் உதாரணம் உண்டு, அடுக்கு மூன்றோ அதற்கு மேலோ போனால் பூச்சியம் வராத முழுவெண் தீர்வு ஒன்றும் கிடையாது என்பது அது. 1986இல் இருந்து ஏழு வருடம் ஆளுக்குத் தெரியாமல் வேலை செய்து, 1993 ஜூன் 23ஆம் திகதி கேம்பிரிட்ஜில் அறிவித்தார். அந்த ஜூனில் நாங்கள் இங்கே உயர்தரம் படித்துக்கொண்டிருந்தோம். மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் ரேடியோ கேட்டோம், ஜாம்போத்தல் விளக்கில் கணக்குச் செய்தோம். வைல்ஸ் செய்தி எனக்கு வந்து சேர மூன்று வருடம் ஆனது, அதற்குள் 95 இடப்பெயர்வும் வந்து போய்விட்டது. பின்னால் அறிந்தபோது என்னைப் பிடித்து நிறுத்தியது அறிவிப்பு அல்ல, அதற்குப் பிறகு வந்த பதினைந்து மாதம். நிறுவலில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது, உலகம் முழுக்கக் கொண்டாடின பிறகு. தன் பழைய மாணவர் ரிச்சட் ரெய்லரையும் சேர்த்துக்கொண்டு மல்லுக்கட்டினார், கைவிடுகிற நிலைக்கும் வந்தார். 1994 செப்ரெம்பர் 19 காலை, முன்பு சரிவராது என்று தூக்கிப் போட்ட ஒரு முறையே ஓட்டையை அடைக்கும் என்று கண்டார். நாற்பது வயது தாண்டிவிட்டதால் அவருக்கு ஃபீல்ட்ஸ் பதக்கம் இல்லை. எனக்கு வயதெல்லை பிடிக்காததற்கு இது ஒன்றே போதும்.

வைல்ஸ் நடந்த பாலம், எண்களையும் சமச்சீரையும் இணைப்பது, றொபேட் லாங்லான்ட்ஸ் கண்ட பெரிய கனவோடு உறவுள்ளது. 1967இல், முப்பது வயதில், பெரியவரான அன்ட்ரே வெயிலுக்குப் பதினேழு பக்கம் கையால் கடிதம் எழுதி, இதை வெறும் ஊகமாக வாசிக்க விருப்பமில்லையென்றால் குப்பைக் கூடை பக்கத்தில் இருக்கும்தானே என்ற கருத்தில் குறிப்பும் வைத்தார். ஐம்பது வருடமாக எத்தனையோ பேர் அந்தக் கடிதத்தைத்தான் வேலையாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். அவருக்கு 2018இல்.

2017: இவ் மேயர், பிரெஞ்சுக்காரர், தூனிஸில் வளர்ந்தவர். 1985இல் ஒருநாள் பல்கலைக்கழகத்தில் போட்டோக்கொப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றபோது சக ஆசிரியர் ஒருவர் ஒரு கட்டுரையைக் காட்டினார். எண்ணெய் தேடும் கம்பனியில் நில அதிர்வுச் சைகைகளோடு வேலை செய்த மொர்லே என்பவரின் வழிமுறை அது. மேயர் அடுத்த ரயிலிலேயே மார்செய்க்குப் போய் அந்த வேலையைச் செய்தவர்களைச் சந்தித்தார் என்பார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் சிற்றலைக் கோட்பாடு. இதை விளங்க யாழ்ப்பாணத்தாருக்கு நல்லூர்த் திருவிழா போதும். நாதஸ்வரத்துக்குப் பின்னால் சுருதி ஒரே சீராக நிற்கும், அதைச் சைன், கோசைன் அலைகளாகப் பிரிப்பது லேசு, ஃபூரியே சொன்ன வழி அது. ஆனால் தவிலில் விழுகிற ஒரு அடி? ஒரு கணத்தில் எழுந்து அடுத்த கணத்தில் இல்லை. முடிவில்லாமல் நீளும் அலைகளைக் கொண்டு அந்த அடியைக் கட்டப்போனால் எண்ணற்ற அலைகள் வேண்டும். தொடங்கி முடிந்துவிடும் குட்டி அலைகளைப் பாவித்தால், அடி எப்போது விழுந்தது, எந்தச் சுருதியில் விழுந்தது என்று இரண்டையும் நல்ல அளவு பிடிக்கலாம். படங்களைச் சுருக்கிச் சேமிக்கவும், 2015இல் ஈர்ப்பலையை முதன்முதல் பிடித்தபோது இரைச்சலுக்குள் இருந்து சைகையைப் பிரிக்கவும் இந்தக் குடும்பத்துக் கருவிகள் உதவின.

வகுப்பில் இந்த இடத்துக்கு வரும்போது பின்வாங்கில் இருந்து ஒரு பிள்ளை கேட்கும்: "பொம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ சேர்?" ஒருவர் இருக்கிறார், 28 பேரில் ஒரே ஒருவர், கரென் ஊலன்பெக், 2019. அது கணிதத்துக்குப் பெருமை இல்லை. 1960களின் கடைசியில் அவர் வேலை தேடியபோது, கணவனும் மனைவியும் ஒரே இடத்தில் படிப்பிக்க முடியாது என்றார்கள், பெண்கள் வீட்டில் இருந்து பிள்ளை பெறட்டும் என்றும் சொன்னார்கள். அவர் சவர்க்காரப் படலங்களின் கணிதம் செய்தார். கம்பி வளையத்தைச் சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்து எடுத்தால் படலம் தானாகவே மிகக் குறைந்த பரப்பளவைத் தேடிக்கொள்ளும். அதே மாதிரி உயர் பரிமாணங்களில் மிகக் குறைந்த சக்தியைத் தேடிப் போகும்போது, சக்தி எங்கும் பரவாமல் எண்ணக்கூடிய சில புள்ளிகளில் மட்டும் திரண்டு, அங்கே ஒரு குமிழி பிரிந்து வரும் என்று சக்ஸ் என்பவரோடு சேர்ந்து காட்டினார். 1990இல் உலகக் கணித மாநாட்டில் முழு அமர்வு உரை கொடுத்தார். அதற்கு முன் அப்படிக் கொடுத்த ஒரே பெண் எம்மி நோதர், 1932இல். இடையில் 58 வருடம்.

ஜோன் நாஷையும் சொல்லாமல் விட முடியாது. 2015 மே 19 ஒஸ்லோவில் பரிசு வாங்கி, 23ஆம் திகதி அமெரிக்கா திரும்பி விமான நிலையத்தில் இருந்து வீட்டுக்குப் போகிற வழியில் ராக்ஸி விபத்தில் மனைவியோடு இறந்தார். பொருளியலுக்கான நோபலால் அவரை எல்லாருக்கும் தெரியும், ஆனால் கணிதக்காரர் வியப்பது, வளைந்த வெளிகளைச் சாதாரண வெளிக்குள் நீளம் மாறாமல் பொருத்தலாம் என்ற அவருடைய தேற்றங்களை.

2024இல் வாங்கிய மிஷெல் தலக்ரான் மேல் எனக்குத் தனி மரியாதை. ஐந்து வயதில் ஒரு கண்ணில் பார்வை போனது, விழித்திரைக் கோளாறு. பதினைந்து வயதில் மற்றக் கண்ணும் ஆபத்துக்கு வந்து, கண்களைக் கட்டி ஆஸ்பத்திரியில் கிடத்திவிட்டார்கள். தகப்பன் கணித ஆசிரியர், வந்து பக்கத்தில் இருந்து கணிதம் கதைப்பார். எழுதவும் முடியாது, பார்க்கவும் முடியாது, கேட்டு மனதுக்குள் கட்டி வைத்திருக்க வேண்டும். அப்படிப் பழகியவர் பிறகு செய்த வேலையில் ஒரு பகுதி, தற்செயலாக ஏறி இறங்கும் ஒன்றின் ஆக உயர்ந்த மட்டம் எவ்வளவாக இருக்கும் என்பது. உங்கள் வீட்டுக் கிணற்றையே எடுங்கள். கார்த்திகை, மார்கழி மழைக்குத் தண்ணீர் எந்த நாளில் எவ்வளவு நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பருவத்தின் உச்ச மட்டத்துக்கு எல்லை போடலாமா? இப்படிப்பட்ட பெரிய வகை ஒன்றுக்கு, மேலெல்லையும் கீழெல்லையும் ஒன்றோடொன்று ஒட்டி வருகிற மாதிரிக் கணக்குக் கொடுத்தார். எத்தனையோ சின்னச் சின்னத் தற்செயல்களில் தங்கியிருந்தும் எந்த ஒன்றிலும் அளவுக்கு மிஞ்சித் தங்காத ஒரு கணியம் கிட்டத்தட்ட மாறிலிதான் என்பது அவருடைய இன்னொரு பங்களிப்பு, அதன் அளவைத் துல்லியமாகக் கொடுத்தவர் அவர்.

செர், அத்தியா, சிங்கர், மில்னோர், குரோமோவ், தெலின், லொவாஸ், விக்டர்சன், கஃபரெல்லி எல்லாரையும் இந்தப் பதிலில் தாண்டிப் போகிறேன், ஒவ்வொருவருக்கும் தனியாக எழுத வேண்டும். தெலின் பற்றி ஒரே வசனம்: பதினான்கு வயதில் ஒரு பள்ளி ஆசிரியர் நம்பிக் கொடுத்த, பூர்பாக்கி என்ற புனைபெயரில் ஒரு கணித அறிஞர் குழு எழுதிய புத்தகத்தில் இருந்து தொடங்கினவர் அவர், 2013இல் வாங்கினார்.

கடைசியாக, 2025இல் வாங்கிய மசாகி கஷிவாரா. சின்ன வயதில் அவரைப் பிடித்தது 'கொக்கும் ஆமையும்' என்ற ஜப்பானியக் கணக்கு: இத்தனை தலை, இத்தனை கால், கொக்கு எத்தனை, ஆமை எத்தனை? எங்கள் அம்மம்மா ஆட்டையும் கோழியையும் வைத்துக் கேட்ட அதே கணக்கு. 1970இல், 23 வயதில், முதுமாணி ஆய்வேட்டில் டி-மொடியூல் கோட்பாட்டின் அடித்தளத்தை எழுதினார், வகையீட்டுச் சமன்பாடுகளை அட்சரகணிதத்தின் கண்ணால் பார்க்கும் வழி அது. எழுதியது ஜப்பானிய மொழியில். ஆங்கிலத்தில் அச்சாக இருபத்தைந்து வருடம் ஆனது, அதற்கு முன்னமே உலகம் அதைத் தேடிப் போய் எடுத்துக்கொண்டது. தமிழில் படித்தால் பின்னால் கஷ்டப்படுவேனா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வருடா வருடம் யாராவது கேட்பார்கள், ஆகவே இதைச் சேர்த்தேன்.

இனி உங்களுக்கு ஒரு வேலை, தம்பி. அந்த 9 கணக்கு. எல்லா நிறப்பூச்சையும் போட்டுப் பார்க்க 512 வழி உண்டு, அது வேண்டாம். 5இல் தொடங்குங்கள், அதற்குச் சிவப்புக் கொடுங்கள். அப்போது 1உம் 9உம் சேர்ந்து சிவப்பாக முடியாது, 2உம் 8உம் அப்படியே, 3உம் 7உம், 4உம் 6உம். அங்கிருந்து ஒரு பக்கத்துக்குள் முடிகிறதா பாருங்கள். எத்தனை நாள் பிடித்தாலும் பரவாயில்லை, முடிந்ததும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.